மண், பயிர், மேய்ச்சல் நிலம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்தச் சந்தேகங்களில் ஏதாவது ஒன்றில்தான் வந்து நிற்கிறது. புதிதாக நிலம் வாங்கியவரும் கேட்கிறார், காலங்காலமாக உழுகிறவரும் கேட்கிறார். அதனால் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்த மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். முதலிலிருந்து படித்தால் நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் கேட்பது ‘என்ன போடணும்?’ என்றுதான். நான் பெரும்பாலும் ‘முதலில் தோண்டிப் பாருங்கள்’ என்று சொல்வேன்.

1. நல்ல மண்ணுன்னு எதை வச்சு சொல்றது? கறுப்பா இருந்தா போதுமா?

போதாது. மட்கு கூடினால் மண் கறுக்கும் என்பது சரிதான். ஆனால் சில களிமண்கள் மட்கு குறைவாக இருந்தாலும் இயல்பிலேயே கறுப்பு. நிறத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். நல்ல மேல்மண்ணின் கன அளவில் ஏறக்குறைய 45 சதவீதம் கனிமத் துகள், 5 சதவீதம் வரை மட்கு. மீதிப் பாதி வெறும் இடைவெளி. அந்த இடைவெளியைத் தண்ணீரும் காற்றும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் வேருக்கு வசதி. பயிர் மஞ்சளாவதற்குப் பல நேரம் காரணம் இந்த இடைவெளி அடைபட்டுப்போவதுதான். சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போட்டுக்கொண்டே இருப்போம்.

ஒரு சின்னச் சோதனை. நன்றாகக் காய்ந்த மண்கட்டி இரண்டு எடுங்கள். ஒன்று அடிக்கடி உழும் வயலின் நடுவிலிருந்து, இன்னொன்று பல வருடம் கலைக்காத வரப்புப் புல்லின் அடியிலிருந்து. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, கட்டிகளை மெதுவாக உள்ளே விடுங்கள். உழுத வயலின் கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களில் ஓரம் உதிர்ந்து, பொலபொலவென்று சரிந்து, தண்ணீரைக் கலக்கிவிடும். புல்லடிக் கட்டி குமிழ் குமிழாகக் காற்றை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும். இரண்டும் ஒரே நிலத்து மண்தான். புல்வேரும், அதை ஒட்டி வாழும் பூஞ்சை, நுண்ணுயிர்கள் விடும் பசையும்தான் வித்தியாசம். மழை விழுந்ததும் எந்த மண் இறுகி மூடிக்கொள்ளும், எது தண்ணீரை உள்ளே விடும் என்பது டம்ளரிலேயே தெரிந்துவிடும்.

2. என் மண்ணு களியா, மணலா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்தி நாடா மாதிரி நீட்டுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். இரண்டரை செ.மீ. அளவில் முறிந்தால் மணலும் களியும் கலந்த இருமண்பாடு. ஐந்து செ.மீ. தாண்டியும் முறியாமல் வந்தால் களி. இந்தத் தன்மையை உரத்தால் மாற்ற முடியாது. துகள்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்பதைத்தான் மாற்ற முடியும்.

3. மண் பரிசோதனைக்கு மண்ணு எடுக்கறதுல என்ன பெரிய வித்தை? ஒரு பிடி அள்ளிக் கொடுத்தா ஆகாதா?

ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 900 டன். அதற்குப் பதிலாக நீங்கள் கொடுக்கப்போவது அரைக் கிலோ. அந்த அரைக் கிலோ தப்பாக இருந்தால் பரிசோதனைக் கூடம் எவ்வளவு துல்லியமாக அளந்தும் பயனில்லை.

நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ‘V’ வடிவில் 15 செ.மீ. ஆழக் குழி வெட்டுங்கள். குழியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம், மாடு கட்டும் இடம், வாய்க்கால் ஓரம் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். எடுத்ததை எல்லாம் ஒன்றாகக் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளி, மீதியை மறுபடி கலந்து, அரைக் கிலோ வரும்வரை இதையே செய்யுங்கள். பிறகு நிழலில் உலர்த்துங்கள். உரம் போட்ட கையோடு மண் எடுக்காதீர்கள். நுண்சத்தும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் இரும்பு மண்வெட்டி வேண்டாம், உரச் சாக்கும் வேண்டாம். மேடு ஒரு மாதிரி, பள்ளம் ஒரு மாதிரி இருந்தால் தனித்தனி மாதிரி எடுங்கள். இரண்டையும் கலந்து எடுத்தால் எந்த இடத்துக்கும் பொருந்தாத சராசரிதான் கிடைக்கும்.

4. ரிப்போர்ட்டுல ஏகப்பட்ட எண் இருக்கு. எதை முதல்ல பார்க்கணும்?

மூன்றைப் பாருங்கள்: பி.ஹெச். (மண் அமிலமா காரமா என்ற அளவு), மின்கடத்துத்திறன் (உப்பு எவ்வளவு என்று காட்டுவது), அங்கக கரிமம் (மட்கில் இருக்கும் கரிமம்). தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) எல்லாம் அதற்கப்புறம். பி.ஹெச். 6-க்கும் 7.5-க்கும் நடுவில் இருந்தால் பெரும்பாலான சத்துகள் வேருக்குக் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்ளும், மேலே போனால் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். மண்ணில் சத்து இருக்கும், வேருக்குக் கிடைக்காது. இன்னொன்று, பி.ஹெச். 7-க்கும் 8-க்கும் வித்தியாசம் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். அந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு.

5. அங்கக கரிமம் 0.4-ன்னு வந்திருக்கு. அஞ்சு டன் தொழு உரம் போட்டா 1 ஆயிடுமா?

ஆகாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றாவது பதிலில் சொன்ன 900 டன்னில் 0.6 சதவீதம் என்றால் 5.4 டன் கரிமம் கூட வேண்டும். ஐந்து டன் தொழு உரத்தில் பாதி தண்ணீர். மீதி இரண்டரை டன்னில் கரிமம் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று, கரியமில வாயுவாக மூச்சு விட்டுவிடும். கடைசியில் மண்ணில் தங்குவது கொஞ்சம்தான்.

இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1843-இல் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. அதில் ஒரு துண்டு நிலத்துக்கு வருடாவருடம் ஹெக்டேருக்கு 35 டன், அதாவது ஏக்கருக்கு 14 டன் தொழு உரம் போட்டு வருகிறார்கள். உரமே போடாத துண்டோடு ஒப்பிட்டால் அங்கே கரிமம் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் அந்த ஏற்றம் பல பத்தாண்டுகளில் மெதுமெதுவாக வந்தது. ஒரே பருவத்தில் கரிமத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்று யாராவது ஒரு கரைசலை விற்றால் இந்தக் கணக்கை அவரிடமே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அதற்காகச் சோர்ந்துபோக வேண்டாம். ரிப்போர்ட்டில் எண் நகர்வதற்கு முன்பே மண்ணின் நடத்தை மாறத் தொடங்கும். மேலே சொன்ன டம்ளர் சோதனையை வருடம் ஒருமுறை அதே இடத்து மண்ணில் செய்துபாருங்கள், மாற்றம் அதில்தான் முதலில் தெரியும்.

6. அப்போ தொழு உரம் மட்டும் போதுமா, யூரியாவும் வேணுமா?

இது சண்டை வரும் கேள்வி. கொள்கையை ஓரம் வைத்துவிட்டு வரவு செலவு பார்ப்போம். ஐந்து டன் தொழு உரத்தில் தழைச்சத்து சுமார் 25 கிலோ. முதல் பருவத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்லது. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. அதே 25 கிலோவை 54 கிலோ யூரியா உடனே கொடுத்துவிடும், கவனிக்காமல் விட்டால் காற்றிலும் தண்ணீரிலும் அதே வேகத்தில் போயும்விடும். யூரியாவால் மண்ணின் கட்டமைப்பு மாறாது. தொழு உரத்தால் மாறும்.

நிலத்தைவிட்டு வண்டியேறிப் போவதை எல்லாம் ஏதோ ஒரு வழியில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தானியம் தழையையும் மணியையும் கொண்டுபோகிறது. வைக்கோல் போனால் சாம்பல்சத்து போகிறது. தானியப் பயிர் உறிஞ்சும் சாம்பல்சத்தில் பெரும்பங்கு தங்குவது வைக்கோலில்தான். வைக்கோலை வருடாவருடம் விற்றுவிட்டு, தழைச்சத்து மட்டும் போடுகிறவர் மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறார். எருவோ மூட்டையோ, எதனால் ஈடுகட்டினாலும் ஈடு கட்டினால் சரி. இரண்டும் கலந்து போடுவதுதான் பெரும்பாலான நிலங்களுக்குச் சரிப்படும் என்பது என் எண்ணம்.

7. வைக்கோலை மடக்கி உழுது விதைச்சேன். பயிர் மஞ்சளாயிடுச்சு. மட்கு போட்டா நல்லதுன்னு சொன்னீங்களே?

நல்லதுதான், நேரம்தான் தப்பு. வைக்கோலில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு ஏறக்குறைய 80 பங்கு கரிமம் இருக்கும். நுண்ணுயிரின் உடலில் அது ஒன்றுக்கு எட்டு. மட்க வைக்கும் பொருளில் ஒன்றுக்கு 25 என்ற அளவு தாண்டினாலே நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாமல், மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். பயிருக்குப் போட்டியாக மண்ணுக்குள் இன்னொரு கூட்டம் சாப்பிடுகிறது, அதுவும் முதல் பந்தியில். வைக்கோல் மட்கிய பிறகு அந்தத் தழைச்சத்து திரும்பி வரும், ஆனால் அதற்குள் இளம் பயிர் வாடிவிடும்.

விதைப்புக்கு ஒரு மாதம் முன்பே ஈரத்தில் மடக்குங்கள். அவசரம் என்றால் கூடவே கொஞ்சம் தழைச்சத்து கொடுங்கள். இரண்டும் முடியாவிட்டால் மடக்காமல் மேலேயே மூடாக்காகப் போட்டுவிடுங்கள். மேலே கிடப்பது மெதுவாக மட்குவதால் வேருக்குப் போட்டி வராது, ஈரமும் காக்கும்.

8. எரிச்சுட்டா இந்தத் தொல்லையே இல்லையே, சாம்பலும் உரம்தானே?

சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் மிஞ்சும். தழைச்சத்தும் கந்தகமும் பெரும்பாலும் புகையோடு போய்விடும். ஐந்தாவது கேள்வியில் 0.6 சதவீதத்துக்கு அவ்வளவு பாடுபடுகிறோம். அந்தக் கரிமத்தைத்தான் இங்கே தீ வைக்கிறோம்.

9. பசுந்தாள் உரம் எப்போ மடக்கணும்? வேர்ல முடிச்சு இருந்தா வேலை செய்யுதுன்னு அர்த்தமா?

மண்ணில் மடக்குவதற்கென்றே வளர்க்கும் செடிதான் பசுந்தாள் உரம். தக்கைப்பூண்டோ சணப்போ, பூவெடுக்கத் தொடங்கும்போது மடக்க வேண்டும். அப்போது தண்டு இன்னும் இளசாக இருக்கும், கரிமம்-தழைச்சத்து விகிதம் ஏழாவது பதிலில் சொன்ன 25-க்குள் இருக்கும். ‘இன்னும் கொஞ்சம் வளரட்டும்’ என்று காய் பிடிக்கும்வரை விட்டால் தண்டு நாராகி, வைக்கோல் கதைதான்.

முடிச்சு இருந்தால் மட்டும் போதாது. செடியை வேர் அறாமல் தோண்டி எடுத்து, மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டு, முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. அந்தச் சிவப்பு நம் இரத்தத்தில் இருப்பது போன்ற, இரும்பு கொண்ட ஒரு புரதத்தின் நிறம். வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது வந்து குடியேறிய நுண்ணுயிர் உதவாத வகை. பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் வேலை முடிந்துவிட்டது. மண்ணில் ஏற்கெனவே தழைச்சத்து நிறைய இருந்தாலும் செடி முடிச்சுக்காக மெனக்கெடாது.

10. ஆழமா உழுதா நல்லதா, உழாமலே விடறது நல்லதா?

ஒரு இரும்புக் கம்பியை ஈரம் இருக்கும் நாளில் மண்ணுக்குள் அழுத்துங்கள். சரசரவென்று இறங்கி, 15 அல்லது 20 செ.மீ. வந்ததும் முட்டி, அதைத் தாண்டியதும் மறுபடி இளகினால் உள்ளே உழவுத்தட்டு இருக்கிறது. வருடக்கணக்காக ஒரே ஆழத்தில் ஓடிய கலப்பையும் டிராக்டர் சக்கரமும் போட்டுவைத்த தட்டு அது. வேர் அதில் மோதிப் பக்கவாட்டில் வளைந்து ஓடும். அந்த நிலத்தில் ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டித் தட்டை உடைப்பது நியாயம், ஆனால் அடிமண் காய்ந்திருக்கும்போது மட்டும். கம்பி முட்டவே இல்லையென்றால் ஆழ உழவுக்கு டீசலைக் கொட்ட வேண்டியதில்லை.

கம்பி என்ன சொன்னாலும் ஈர மண்ணை மட்டும் உழாதீர்கள். உழும் ஆழத்து மண்ணை உருட்டிப் பாருங்கள். விரலால் குத்தினால் உதிர வேண்டும். மெழுகாக அமுங்கினால் டிராக்டரைத் திருப்பிவிடுங்கள்.

உழவைக் குறைத்தால் மண் அரிப்பு குறையும், மட்கும் மேல்மண்ணில் தங்கும். ஏக்கருக்கு ஒரு மில்லிமீட்டர் மண் அரித்துப்போனாலே சுமார் ஆறு டன். ஒரே மழையில் போகக்கூடிய அளவு அது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இறுகிய வெறும் நிலத்தில், மூடாக்கும் இல்லாமல், ‘இனி உழவே மாட்டேன்’ என்று உட்கார்ந்தால் களைதான் ஆளும். மண்ணைப் போர்த்தி வைக்க முடிந்தவர்கள்தான் உழவை விட முடியும்.

11. பி.ஹெச். 8.3 வந்திருக்கு. ஜிப்சம் போடச் சொல்றாங்க. போடலாமா?

பி.ஹெச்.சை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 8.3 என்பது பெரும்பாலும் சுண்ணாம்பு மண்ணின் எண். மண்ணின் மேல் கொஞ்சம் வினிகர் விட்டு, நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. ஜிப்சம் கொடுப்பது கால்சியத்தை. அந்த மண்ணில் கால்சியத்துக்குப் பஞ்சமே இல்லை, ஜிப்சம் போட்டு பி.ஹெச். இறங்கப்போவதும் இல்லை. துத்தநாகம், இரும்புக் குறைபாட்டைத்தான் அங்கே கவனிக்க வேண்டும்.

பி.ஹெச். 8.5-ஐத் தாண்டி, மண் பிடித்துவைத்திருக்கும் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது களர். ஜிப்சம் அதற்குத்தான். கால்சியம் போய் உட்கார்ந்து சோடியத்தை வெளியே தள்ளும். தள்ளியதை நல்ல தண்ணீர் கட்டி வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போடுவது பாதி வைத்தியம். பி.ஹெச். 8.5-க்குள் இருந்து மின்கடத்துத்திறன் மட்டும் ஏறியிருந்தால் அது உவர். அதற்கு ஜிப்சம் வேண்டாம், தண்ணீர் விட்டு உப்பை வடித்தால் போதும். பி.ஹெச். 5.5-க்குக் கீழே போன அமில மண்ணுக்குத்தான் சுண்ணாம்பு.

12. மேய்ச்சல் நிலத்துக்கு என்ன பராமரிப்பு? புல்லு தானா வளருது, மாடு தானா மேயுது.

அப்படி விட்ட நிலத்தில் மாடு தனக்குப் பிடித்த புல்லை மட்டும் திரும்பத் திரும்பக் கடிக்கும். பிடிக்காதது பூத்து விதை போடும். சில வருடத்தில் பிடிக்காதது மட்டும் மிஞ்சும்.

மேலே இலை போனால் கீழே வேர் நிற்கும். அமெரிக்காவில் 1955-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. இலையில் பாதி வரை வெட்டியபோது வேர் வளர்ச்சி அநேகமாகத் தொடர்ந்தது. 80 சதவீதம் வெட்டியபோது அடியோடு நின்றது, மீண்டும் தொடங்கப் பல நாட்கள் ஆயின. அதனால் பாதியைத் தின்னவிடுங்கள், பாதியை விடுங்கள். நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, புல் 20–25 செ.மீ. வளர்ந்ததும் மாட்டை விட்டு, 10 செ.மீ. ஆனதும் அடுத்த துண்டுக்கு ஓட்டுங்கள். படரும் குட்டைப் புல்லுக்கு இதைவிடக் குறைவு, நெட்டையாக வளரும் தீவனப்புல்லுக்கு அதிகம். ஒரு துண்டில் மூன்று நாளுக்கு மேல் நிறுத்த வேண்டாம். அதற்குள் துளிர்க்கும் இளந்தளிரை மாடு மறுபடி கடித்துவிடும், செடி சேமிப்பிலிருந்து செலவழித்து விட்ட தளிர் அது. ஓய்வு எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்க்காதீர்கள், புல்லின் உயரத்தைப் பாருங்கள்.

13. ஒரு ஏக்கருக்கு எத்தனை மாடு விடலாம்?

எத்தனை மாடு, எத்தனை நாள் என்று சேர்த்துக் கேளுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்து, பத்து இடத்தில் போட்டு, 10 செ.மீ. விட்டு மேலே உள்ள புல்லை அறுத்து எடை போடுங்கள். சராசரி அரைக் கிலோ வருகிறது என்று வைப்போம். ஏக்கருக்குச் சுமார் 2,000 கிலோ பச்சைப்புல். மிதிபட்டும் சாணம் பட்டும் வீணாவது போக 1,400 கிலோ. 400 கிலோ எடையுள்ள மாடு ஒரு நாளைக்கு உடல் எடையில் இரண்டரை சதவீதம், அதாவது 10 கிலோ உலர் தீவனம் தின்னும். புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள் என்றால் 50 கிலோ பச்சை. ஆக 28 மாட்டுநாள்: 14 மாடு இரண்டு நாள், அல்லது 28 மாடு ஒரு நாள். அப்புறம் புல் எழும்வரை ஓய்வு.

14. புல்லுக்கு யூரியா போட்டேன், நல்லா வந்துச்சு. ஆனா கூட இருந்த பயறுவகைக் கொடியெல்லாம் காணோம்.

நடக்கும். தழைச்சத்து கொட்டினால் புல் உயர்ந்து நிழல் கட்டும், பயறுவகை ஒதுங்கிவிடும். ரோதம்ஸ்டெட்டிலேயே 1856-இல் தொடங்கிய புல்வெளிப் பரிசோதனை ஒன்று உண்டு. உரமே போடாத துண்டுகளில் நாற்பதை ஒட்டிய செடிவகைகள் இன்றும் இருக்கின்றன. அமோனியம் சல்பேட் மட்டும் தொடர்ந்து போட்டு, சுண்ணாம்பு போடாமல் விட்ட துண்டுகளில் மண் புளித்துப்போய் இரண்டு மூன்று வகைதான் மிஞ்சின. உரம் போடாத துண்டில் விளைச்சல் குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கலப்பு வேண்டுமென்றால், பயறுவகை மூன்றில் ஒரு பங்கு இருக்கும்வரை தழைச்சத்தை அதனிடமே விட்டுவிடுங்கள். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் கொடுங்கள்.

15. மழை இல்லாம சோளம் முழங்கால் உயரத்துல வாடிக் கிடக்கு. வீணாப் போறதுக்கு மாட்டை விட்டு மேய்ச்சிடலாமா?

வேண்டவே வேண்டாம். இளம் சோளத்திலும் வாடிய சோளத்திலும், வறட்சிக்குப் பிறகு மழை பெய்து, அறுத்த கட்டையில் துளிர்த்த சோளத்திலும் சயனைடு நஞ்சு உருவாகும். நிமிடக்கணக்கில் மாடு விழுந்துவிடும். மூச்சு வாங்கி, தள்ளாடினால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், தாமதிக்க நேரமே இருக்காது. நன்றாக உலர்த்தினால் இந்த நஞ்சு பெருமளவு குறையும்.

ஆனால் இதே வாடிய பயிரில், தழைச்சத்து அதிகம் போட்டிருந்தால், நைட்ரேட்டும் தண்டின் அடியில் சேர்ந்திருக்கும். உலர்த்தினால் அது போகாது. காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்த் தீவனமாக்கினால் ஓரளவு குறையும். அதனால் வறட்சிச் சோளத்தைக் காயவைத்து எடுத்தாலும், சோதித்துவிட்டு, தண்டின் அடிப்பகுதியை உயரமாக விட்டு அறுத்து, வேறு தீவனத்தோடு கலந்து கொடுங்கள்.

16. பல வருஷமா புல்லு கிடந்த நிலத்தை உழுது பயிர் வைக்கலாமா? மண்ணு சூப்பரா இருக்கு.

வைக்கலாம், முதல் வருடம் அமோகமாகவும் விளையும். புல்வேர் மட்கும்போது தழைச்சத்து கட்டவிழ்ந்து வரும், அதனால் அந்தப் பருவம் உரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். புல்வேரைத் தின்று பழகிய வெள்ளைப்புழுவும் கூடவே மிச்சமிருக்கும், உழும்போது தோண்டிப் பாருங்கள். இரண்டு மூன்று பயிருக்குப் பிறகு டம்ளர் சோதனையில் கட்டி கரையத் தொடங்கும். அப்போது மறுபடி மூன்று நான்கு வருடம் புல்லும் பயறுவகையும் கலந்து விட்டுவிடுவதுதான் முறை. மண்ணைக் கூட்டுவதற்குப் புல்வேரைவிடச் சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சரிவான நிலமாக இருந்தால் புல்லைக் கலைக்காமல் விடுவதே புத்திசாலித்தனம்.

17. வெளியில வாங்கின மாட்டெரு போட்டேன். தக்காளி இலையெல்லாம் சுருண்டு கிண்ணம் மாதிரி ஆயிடுச்சு. நோயா?

நோயாகவும் இருக்கலாம், வைரஸும் இலையைச் சுருட்டும். ஆனால் எரு போட்ட பாத்தியில் மட்டும் இப்படியென்றால் களைக்கொல்லியைச் சந்தேகப்படுங்கள். அமினோபைராலிட், குளோபைராலிட் போன்றவை புல்வெளியில் அகன்ற இலைக் களைகளை அழிக்க அடிப்பவை. அந்தப் புல்லைத் தின்ற மாட்டின் வயிற்றில் அவை சிதைவதில்லை. சாணத்தோடு வந்து, மட்கிய எருவிலும் மாதக்கணக்கில் இருக்கும். தக்காளி, அவரை, உருளை, பயறுவகை எல்லாம் மிகச் சிறிய அளவுக்கே சுருண்டுவிடும். புல் இனமான மக்காச்சோளத்துக்கு ஒன்றும் ஆகாது. அதனால் கெட்ட பாத்தியில் அதை வைத்து, அடிக்கடி கிளறிக் காற்றுப் புகவிட்டால் மண்ணின் நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைத்துவிடும். அந்த நிலத்தின் தட்டையை வேறு பாத்திக்கு மூடாக்காகக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்த முறை எரு வாங்கினால் நிலத்தில் கொட்டுவதற்கு முன் மூன்று தொட்டியில் எருவும் மண்ணும் பாதிக்குப் பாதி, இன்னும் மூன்று தொட்டியில் வெறும் மண் போட்டு, எல்லாவற்றிலும் அவரை விதையுங்கள். எருத் தொட்டித் தண்ணீர் வழிந்து மற்றதில் சேராதபடி தள்ளி வையுங்கள். மூன்று வாரத்தில் நான்கைந்து இலை வந்திருக்கும். எருத் தொட்டியில் மட்டும் இலை சுருண்டால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.